செவிலியும் தோழியும்

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மாணவச் செல்வங்கள் வந்து கேட்டபொழுது, வழக்கம்போல் சங்க இலக்கியத்தில் ஏதேனும் ஒன்றை எழுதித் தந்துவிடலாம் என்றே எண்ணினோம். அகத்திணை மாந்தரைப் பற்றி வகுப்பில் சொல்லிவந்த குறிப்புகள் கைவசம் இருந்தன. அவற்றுள் 'செவிலி' என்று தலைப்பிட்ட தாளைப் புரட்டியபோது, நெடுநாளாக நெஞ்சில் கிடந்து உறுத்தும் இரண்டு மருத்துவமனை நிகழ்ச்சிகள் முன்வந்து நின்றன. ஒன்றில் ஒரு செவிலியர் நமக்குப் பேருதவி செய்தார். மற்றொன்றில் ஒரு செவிலியருக்கு நாம் தீங்கு செய்தோம். ஆதலின் இக்கட்டுரை இலக்கியத்தில் தொடங்கினாலும் நோயாளியின் படுக்கையருகேதான் பெரிதும் நிற்கும். பொறுத்தருள்க.

'நர்ஸ்' என்னும் ஆங்கிலச் சொல் பாலூட்டி வளர்ப்பவளைக் குறித்துப் பிறந்தது. அதற்கு இணையாகச் 'செவிலியர்' என்னும் சொல்லைத் தேர்ந்தவர் யாராயினும் தமிழறிந்தவரே ஆவர். அகப்பாடல்களில் தலைவியைத் தன் மகள்போல் வளர்த்தவள் செவிலி. அவள் பெற்ற மகளே தலைவிக்குத் தோழி என்பது தொல்காப்பியம் கூறும் முறை. வள்ளுவரோ இன்னும் நுட்பமாகச் செல்கிறார். மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் நோயாளி, மருத்துவன், மருந்து என்ற மூன்றோடு நிறுத்தாமல் நான்காவதாக 'உழைச்செல்வான்' என ஒருவனையும் சேர்த்து, இந்நான்கும் கூடியதே மருத்துவம் என்கிறார். உழை என்றால் பக்கம். மருந்தைப் பிழையாமல் கொடுப்பவன் என்று உரைகாரர்கள் விளக்கினாலும், பக்கத்திலே இருப்பவன் என்ற பொருளே நமக்கு முதலில் தோன்றும். மருத்துவர் வந்து பார்த்துப் போகிறார். உறவினர் பார்வை நேரத்தில் வந்து போகின்றனர். விடியற்காலை மூன்று மணிக்கு நோயாளி கண்விழிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் யார்? அந்த ஒருவரிடம் நோயாளியின் உடல் மட்டுமன்றி அவர் ஆன்மாவும் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்பதை நாம் உணர்ந்துகொள்ள 2009ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அவ்வாண்டு தை மாதம், காவிரிக்கரை நகரம் ஒன்றின் மருத்துவமனையில் நம் தந்தையாருக்குக் குடல் அடைப்பு நீக்க அறுவை சிகிச்சை நடந்தது. அரிசி ஆலை ஒன்றில் நாற்பது ஆண்டு கணக்கெழுதியவர் அவர். அகவை 74. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஏழாம் படுக்கை அவருடையது. அப்பிரிவுக்குச் சன்னல் கிடையாது. வெண்ணிற விளக்குகள் இரவும் பகலும் ஒரே சீராக எரிந்தன. மூக்கில் ஒரு குழாய், வயிற்றில் ஒரு குழாய், சிறுநீருக்கு ஒரு குழாய், புறங்கையில் ஓர் ஊசி. காலையும் மாலையும் பத்து நிமிடம் நம்மை உள்ளே விடுவார்கள்.

மூன்றாம் நாள் முதல் அத்தா அமைதி இழந்தார். ஓயாமல் மணி கேட்டார். நம்மிடம் கேட்டபோது, "மணி எதுக்கத்தா? பேசாமத் தூங்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தோம். செவிலியரிடம் கேட்டபோது அவர்களும் அவ்வாறே சொல்லியிருக்கின்றனர். அன்றிரவு மூக்குக் குழாயை அவரே பிடுங்கிவிட்டார். கையைக் கட்டிலோடு துணியால் கட்டிப்போட்டார்கள். நோயாளி குழப்பத்தில் இருக்கிறார் என்று குறிப்பேட்டில் எழுதினார்கள். உறக்க மருந்து கொடுத்தார்கள். இதில் எவரையும் குறைகூற நமக்கு வாயில்லை. தீவிர சிகிச்சையில் இருக்கும் முதியவர்க்கு மனக்குழப்பம் வருவது பெருவழக்கு. பிடுங்கிய குழாய் உயிருக்கே உலைவைக்கக்கூடும்.

நான்காம் நாள் இரவுப் பணிக்கு வந்தவர் குமரி மாவட்டத்துக் கிறித்தவப் பெண். இருபத்தைந்து வயது இருக்கலாம். நள்ளிரவுக்குப் பின் அத்தா மறுபடியும் மணி கேட்டிருக்கிறார். அந்தப் பெண் மணியைச் சொல்லவில்லை, தூங்கவும் சொல்லவில்லை. "ராத்திரி பூரா மணியே கேக்குறீங்களே பாய், மணி தெரிஞ்சா என்ன செய்வீங்க?" என்று கேட்டிருக்கிறார். அத்தா அழுதாராம். நம் அத்தா அழுது நாம் பார்த்ததே இல்லை.

அவர் சொன்னது இவ்வளவுதான்: நான்கு நாளாகத் தொழவில்லை. எந்த வக்து எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று தெரியவில்லை. பாங்கு கேட்கவில்லை. உடம்பெல்லாம் குழாய், துணியில் ஈரம், ஒளுச் செய்ய வழியில்லை. இந்த அசுத்தத்தோடு மௌத்தாகிப் போனால் அல்லாஹ்விடம் எந்த முகத்தோடு நிற்பது? பன்னிரண்டு வயதிலிருந்து ஒரு வக்தும் களாவாக விடாத மனிதர் அவர். குழப்பம் என்று எழுதப்பட்டது உண்மையில் கணக்கு. வாழ்நாளெல்லாம் பேரேடு எழுதியவர் அந்த விளக்கொளியில் படுத்துக்கொண்டு, விடுபட்ட வக்துகளைப் பற்றுக் கணக்கில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அந்தச் செவிலியர் பணி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் நமக்காகக் காத்திருந்தார். "சார், உங்க முறையில என்ன செய்யணும்னு எனக்குத் தெரியாது. சொன்னீங்கன்னா செய்றேன்" என்றார். இசுலாமியக் கல்லூரியில் பணிபுரியும் நாம், தொழுகையாளியின் மகன், நான்கு நாளும் தோன்றாத ஒன்றை அயலூர்ப் பெண் ஒருத்தி கேட்டறிந்துவிட்டார் என்பதில் நமக்கு ஏற்பட்ட நாணம் இன்றும் ஆறவில்லை.

நம் தெருப் பள்ளிவாசல் இமாமிடம் ஓடினோம். நோயாளி தண்ணீருக்குப் பதில் தயம்மும் செய்யலாம், நின்றும் இருந்தும் தொழ இயலாதவர் படுத்தவாறே சைகையால் தொழலாம் என்பது நாம் அறிந்ததே. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் மண்ணைக் கொண்டுபோகக் கூடாது. இமாம் சற்றே யோசித்து, ஹனபி மத்ஹபில் தூசி ஒட்டாத கல்லிலும் தயம்மும் கூடும் என்றார். உள்ளங்கையகலக் கருங்கல் துண்டு ஒன்றைத் தேடிப்பிடித்தோம். செவிலியர் அதைக் கிருமிநாசினியில் கழுவி, உலர்த்தி, தூய துணியில் சுற்றி ஏழாம் படுக்கையின் தலையணையருகே வைத்தார். அடுத்துக் கிப்லா. கட்டிலைத் திருப்ப இயலாது, பிராணவாயுக் குழாய் சுவரோடு பிணைந்திருந்தது. மேற்கு எது என்று செவிலியர் விசாரித்தபோது, அது அத்தாவின் கால்மாட்டில் இருந்தது. மேற்கே கால் நீட்டுவதா என்று அத்தா திடுக்கிட்டுப் போனார். மல்லாந்து படுத்துத் தொழும் நோயாளிக்கு ஹனபிச் சட்டநூல்கள் சொல்லும் கிடக்கை அதுவேதான், தலையைச் சற்றே உயர்த்தினால் முகம் கிப்லாவை நோக்கும் என்று இமாம் விளக்கியனுப்பிய பிறகே அவர் மனம் அடங்கிற்று. செவிலியர் தலைமாட்டைத் திருகி உயர்த்தினார். ஐந்து வக்தின் நேரங்களையும் ஒரு துண்டுத் தாளில் நம்மை எழுதச் சொல்லிக் கட்டிலின் சட்டத்தில் ஒட்டினார். ஒவ்வொரு முறை மாறும்போதும் அடுத்துவரும் செவிலியரிடம் மருந்து விவரத்தோடு, "ஏழாம் படுக்கைக்கு மணி சொல்லணும்" என்பதும் ஒப்படைக்கப்பட்டது.

அதன்பின் கையைக் கட்ட வேண்டிய தேவை வரவில்லை. தொழுகையால் அறுவைக்காயம் ஆறிற்று என்று நாம் சொல்லவில்லை. காயம் மருந்தால் ஆறியது. சன்னலற்ற அறையில் கிடப்பவர்க்கு நாளும் பொழுதும் எடுத்துச் சொல்வது மனக்குழப்பத்தைக் குறைக்கும் என்று மருத்துவ நூல்களும் கூறுகின்றன. ஆகவே மணி சொன்னதில் மருந்தின் கூறும் இருந்திருக்கலாம். ஆனால், பற்றுக் கணக்கு அழிந்துபோன ஒரு மனிதர் படுத்திருந்த முறையே வேறாக இருந்தது. அதைக் கண்ணால் கண்டோம். பதினொன்றாம் நாள் அத்தா வீடு திரும்பினார். புறப்படும்போது அந்தக் கல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இதனை 'ஆன்மிகப் பராமரிப்பு' என்று செவிலியர் கல்வியில் வழங்குவதைப் பின்னர்ப் படித்தறிந்தோம். பெயர் புதிது, பொருள் பழைது. அகழ்ப்போரில் (கி.பி. 627) காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை, காயம்பட்டோர்க்குத் தொண்டாற்றிய ருஃபைதா அம்மையாரின் கூடாரத்தில் சேர்த்தனர் என்று வரலாற்றாசிரியர் இப்னு இஸ்ஹாக் குறிப்பிடுகிறார். அக்கூடாரம் நின்ற இடம் மதீனத்துப் பள்ளிவாசல். அருகிலிருந்து அடிக்கடி நலம் விசாரிப்பதற்காகவே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அங்கே இடம் அமைத்தார்கள் என நபிமொழித் தொகுப்புகள் சொல்கின்றன. தொழுகையின் ஓசை கேட்கும் தொலைவில் ஒரு நோயாளி! நம் ஏழாம் படுக்கைக்கு வாய்க்காமற்போனது அதுவன்றோ?

1854இல் கிரிமியப் போருக்கு 38 தாதியரோடு சென்ற பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் இறைப்பற்று மிக்கவர். அவருடன் சென்றோருள் கத்தோலிக்கக் கன்னியரும் இருந்தனர், சீர்திருத்தச் சபையினரும் இருந்தனர். காயம்பட்ட வீரர்களைத் தத்தம் சபைக்கு இழுக்கிறார்கள் என்னும் ஐயமும் பூசலும் அங்கே எழாமல் இல்லை. நோயாளி எதிர்க்க வலுவற்றவன். அவன் தலைமாட்டில் நின்று சமயம் பரப்புவது வாயில் துணியடைத்தவனோடு வாதிடுவதை ஒக்கும். நைட்டிங்கேல் எழுதிய செவிலியர் பணிக் குறிப்பு நூலில் ஓர் இயல் முழுவதும், நோயாளியிடம் வந்து வெற்று நம்பிக்கையும் வேண்டாத அறிவுரையும் பொழியும் பார்வையாளரைச் சாடுவதற்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. நம் ஊர்ப் பார்வை நேரத்தை அவர் கண்டிருந்தால் இரண்டு இயல் எழுதியிருப்பார்.

நம் காலத்துக்கு அணித்தாக வந்தவர் சிசிலி சாண்டர்ஸ். முதலில் செவிலியர், பின்னர் மருத்துவமனைச் சமூகப் பணியாளர், அதன்பின் மருத்துவர் என மூன்று படி ஏறியவர். 1967இல் இலண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தை நிறுவினார். தீராத நோயாளியின் வலி உடலில் மட்டும் இல்லை. மனத்திலும், குடும்ப உறவிலும், ஆன்மாவிலும் அது பரவிக் கிடக்கிறது, இந்நான்கையும் சேர்த்தே 'முழுவலி' எனக் கொள்ள வேண்டும் என்பது அவர் கண்ட உண்மை. பன்னாட்டுச் செவிலியர் பேரவை 1953இல் வகுத்துப் பின்னர்ப் பலமுறை திருத்திய அறநெறியும் நோயாளியின் சமய, ஆன்மிக நம்பிக்கைகளை மதித்தலைச் செவிலியரின் கடமையாக்குகிறது. 'ஆன்மிகத் துயர்' என்பது செவிலியர் கண்டறிந்து குறிக்கவேண்டிய நிலைகளுள் ஒன்றாக 1978 முதலே அமெரிக்கப் பட்டியலில் உள்ளது. காய்ச்சலைக் குறிப்பதுபோல் இதனையும் குறிக்கலாம். வேறுபாடு ஒன்றே. காய்ச்சலுக்கு வெப்பமானி உண்டு. இதற்குக் கேள்வி ஒன்றுதான் கருவி.

இனி நாம் செய்த தீங்கைச் சொல்ல வேண்டும்.

2014ஆம் ஆண்டு நம் பெரியம்மா மூச்சுத்திணறலோடு மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டார். ஐந்தாம் நாள் நிலைமை கவலைக்கிடம் என்று மருத்துவர் கூறியதும் குடும்பத்தார் பதினொருவர், நம்மையும் சேர்த்து, கட்டிலைச் சூழ்ந்துகொண்டு யாசீன் ஓதத் தொடங்கினோம். உரக்கவே ஓதினோம். அடுத்த படுக்கையில் கிடந்த அம்மையார் ஒருவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டதைக் கண்டும் காணாதவராய் இருந்தோம். பெரியம்மாவுக்கு நினைவு நன்றாக இருந்தது. அவர் கண்கள் ஒவ்வொருவர் முகமாக ஓடின. மூச்சுக் கவசத்தை விலக்கி, "என்னைய அனுப்பி வைக்கிறியளா?" என்று கேட்டார். அப்போதும் நாம் நிறுத்தவில்லை.

பணியிலிருந்த செவிலியர் விரைந்து வந்து, அவர் பயப்படுகிறார், இரண்டு பேர் மட்டும் இருந்துகொண்டு மற்றவர்கள் வெளியே செல்லுங்கள் என்றார். சற்றுக் கண்டிப்பாகவே சொன்னார். ஓதுவதைத் தடுக்க நீ யார் என்று எழுந்தது ஒரு குரல். நம் குரலும் அதனோடு சேர்ந்தது. செவிலியர் நம்மைத் தனியே அழைத்து, "அவங்க தம்பியைப் பாக்கணும்னு நேத்து ராத்திரியெல்லாம் சொல்லிட்டிருந்தாங்க சார். ஏதோ நிலத்துச் சண்டையாம். அவரைக் கூப்பிடுங்க" என்றார். சினம் தலைக்கேறி நின்ற நமக்கு அது காதில் விழுந்தது, நெஞ்சில் விழவில்லை. மாறாக, எம் மார்க்கக் கடமையை இழிவுபடுத்தினார் என்று நிருவாகத்துக்குப் புகார் ஒன்று எழுதிக் கொடுத்தோம். எழுதியவர் நாமே. தமிழ்ப் பேராசிரியர் எழுதிய புகார் அல்லவா, நடை மிக நன்றாக இருந்தது. மறுநாள் அந்தச் செவிலியரை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

பெரியம்மாவுக்கும் அவர் தம்பிக்கும் பாகப்பிரிவினையில் மனக்கசப்பு. ஒன்பதாண்டாகப் பேச்சில்லை. குடும்பத்தில் அனைவருக்கும் தெரிந்ததே. அவரை நாடியது அவர் உள்ளம் என்பது மட்டும் எவருக்கும் தெரியவில்லை, ஓர் இரவுச் செவிலியரைத் தவிர. இரண்டு நாள் கழித்து நம் சினம் ஆறிய பின்பு தம்பிக்குச் சொல்லியனுப்பினோம். அவர் பேருந்தேறி வந்து சேர்ந்தபோது பெரியம்மாவின் தொண்டைக்குள் செயற்கைச் சுவாசக் குழாய் இருந்தது. "அக்கா, பொருந்திக்கங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். பெரியம்மாவின் விரல்கள் அசைந்தன என்று அவர் இன்றளவும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மருந்து மயக்கத்தில் இருந்தவர் அவர். நாம் பக்கத்தில் நின்றோம். அசைந்ததாக நமக்குத் தெரியவில்லை. அவரிடம் அதைச் சொல்லும் துணிவும் இல்லை.

யாசீன் ஓதியது பிழை என்று எவரும் கொள்ள வேண்டா. ஓதவேண்டியதே. ஆனால், இறுதி நேரத்தில் கலிமாவைக்கூடச் 'சொல், சொல்' என நெருக்காமல், அவர் செவியில் விழுமாறு மெல்லச் சொன்னால் போதும், ஒருமுறை அவர் மொழிந்துவிட்டால் மீண்டும் தொல்லைப்படுத்தலாகாது என்று நம் மார்க்க அறிஞர்கள் அன்றே எழுதிவைத்தனர். அந்த நுட்பம் நம்மிடம் இல்லை. அச்செவிலியர் அந்நூல்களைக் கண்டவர் அல்லர். ஆயினும் அந்த நுட்பம் அவரிடம் இருந்தது.

வகுப்பில் எத்தனை முறை வெறியாட்டுப் பாடல்களை விளக்கியிருக்கிறோம்! தலைவி மெலிகிறாள், உணவு மறுக்கிறாள், வளை நெகிழ்கிறது. செவிலியும் நற்றாயும் பதறுகின்றனர். முருகு அணங்கிற்று என்று முடிவுசெய்து வேலனை அழைத்துக் களம் அமைக்கின்றனர், மறி அறுக்கின்றனர். அன்பில் குறையில்லை, வழிபாட்டிலும் குறையில்லை. அவளிடம் ஒரு சொல் கேட்கவில்லை என்பதே குறை. அவள் நோய் இன்னது என்று அறிந்தவள் தோழி ஒருத்தியே. பின்னர் அவள் அறத்தொடு நின்று உண்மையைச் செவிலிக்கு எடுத்துரைக்கிறாள். குறிஞ்சிப்பாட்டு முழுவதுமே செவிலியை நோக்கித் தோழி பேசும் பேச்சுத்தான். மாணவர்க்கு இவற்றைச் சொல்லித் தேர்வில் வினாவும் கேட்டுவிட்டு, பெரியம்மாவின் கட்டிலருகே நாமே வேலனாகி நின்றோம். அறத்தொடு நின்றவரைப் பணிமாற்றம் செய்ய வைத்தோம். மன்னிப்புக் கேட்க ஓராண்டு கழித்து அம்மருத்துவமனைக்குச் சென்றபோது, அவர் அயல்நாட்டுக்குப் போய்விட்டார் என்றனர்.

ஆன்மிகப் பராமரிப்பு என்றவுடன் போதனை, பிரார்த்தனை, சமயகுரு என்று எண்ணம் ஓடுவது இயல்பு. அவையும் சிலர்க்கு வேண்டியவையே. ஆயின் முதலில் வேண்டுவது ஒரு வினா. நோன்பு நாளில் சர்க்கரை நோயாளி ஒருவர் இன்சுலினைத் தவிர்ப்பதற்காகப் பொய் சொல்கிறார். கடிந்துகொண்டால் பொய் வளரும். நோன்பை நீங்கள் என்னவாகக் கருதுகிறீர்கள் என்று கேட்டால் மருத்துவரையும் ஆலிமையும் சேர்த்துவைத்து வழிகாண இடமுண்டு. புற்றுநோயின் கொடுவலியிலும் மார்ஃபின் வேண்டாம் என்று மறுக்கும் பெரியவர், அது போதைப்பொருள் ஆயிற்றே, ஹராம் ஆயிற்றே என்று உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருக்கலாம். கேட்டால்தானே தெரியும்? இறைநம்பிக்கை இல்லாதவர்க்கும் இது பொருந்தும். சாவதற்குள் பேரனின் தேர்வு முடிவைப் பார்த்துவிட வேண்டும் என்று தவிப்பதும் ஆன்மாவின் தவிப்பே.

ஆயினும் கேட்பதற்கு நேரம் வேண்டும். பெரியம்மா கிடந்த கூடத்தில் நாற்பது படுக்கை. இரவில் இருவரே செவிலியர். ஊசி, உப்புநீர், குறிப்பேடு, மாத்திரைக் கணக்கு என்று அவர்கள் ஓடிய ஓட்டத்தில் 'என்ன கவலை' என்று கேட்பது எங்ஙனம்? பாடத்திட்டத்தில் ஆன்மிகத் தேவை பற்றிய பகுதி இருக்கிறது, தேர்வில் வினாவும் வருகிறது, கூடத்தில் அதற்கு ஆளில்லை. அந்த ஓட்டத்தின் நடுவிலும் பெரியம்மாவின் தம்பியைப் பற்றி ஒருவர் கேட்டுவைத்திருந்தார் என்பதை எண்ணும்தோறும் நம் புகாரின் கனம் கூடுகிறது.

2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றில் உறவினர் எவரும் உள்ளே செல்ல இயலாதபோது, இறப்போரின் பக்கத்தில் நின்றது முகம் முழுதும் மூடிய செவிலியர் மட்டுமே. தம் கைப்பேசியை நோயாளியின் முகத்தருகே பிடித்து, அப்பாலிருந்து வந்த ஓதலையும் தேவாரத்தையும் செபத்தையும் அவர் செவியில் சேர்த்தவர் பலர். நம் தெருவிலேயே ஒரு குடும்பம் தம் தாயாருக்குக் கலிமாவை அவ்வாறுதான் சொல்லிக்கொடுத்தது. கருவியைப் பிடித்திருந்த கை எவருடையது என்று அக்குடும்பத்துக்கு இன்றுவரை தெரியாது.

இதனைக் கூடத்துக்கு வெளியே கொண்டுசென்று வெற்றி கண்டவர்கள் நம் அண்டை மாநிலத்தார். 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்பு மற்றும் ஆதரவுச் சிகிச்சைச் சங்கத்திலிருந்து கிளைத்த முயற்சி மலப்புறம் முதலிய மாவட்டங்களில் ஊர்தோறும் பரவிற்று. செவிலியர் வீடுதேடிச் சென்று புண்ணைக் கழுவிக் கட்டுகின்றனர். அவருடன் செல்லும் ஊர்த் தொண்டர்கள் நோயாளியோடு அமர்ந்து பேசுகின்றனர், வீட்டில் அரிசி இருக்கிறதா என்றும் பார்க்கின்றனர். பள்ளிவாசல், கோயில், தேவாலயம் என எல்லாப் பக்கத்தாரும் அத்தொண்டில் உண்டு. 2008இல் கேரள அரசு இதனைத் தன் கொள்கையாகவே ஏற்றது. நம் ஜமாஅத்துகளில் இளைஞர்க்குக் குறைவில்லை. மையித்துக்குத் தோள்கொடுக்க ஓடிவரும் கால்கள், ஒரு மாதம் முன்னதாகவே அவ்வீட்டுக்குள் நுழையலாகாதா?

பெரியோர்களிடம் இன்னொன்றும் விண்ணப்பிக்க வேண்டும். அத்தாவுக்குக் கல்லைக் கழுவி வைத்தவர் கிறித்தவர். பெரியம்மாவின் நெஞ்சறிந்தவர் இந்துப் பெண். பிறர் வீட்டுப் பெண்மக்களின் இரவுப் பணியால் நம் முதியோர் பிழைக்கின்றனர். நம் பெண்மக்களை அப்பணிக்கு அனுப்புவது பற்றிப் பேச்செடுத்தாலோ, இரவுப் பணியா, அந்நிய ஆடவரைத் தொடுவதா என்று வாயடைத்துவிடுகிறோம். பள்ளிவாசல் முற்றத்தில் கூடாரம் அமைத்துக் காயம்பட்ட ஆடவர்க்கு மருந்திட்ட ருஃபைதா அம்மையாரை மேடைதோறும் புகழ்கிறோம். அவர் வழியில் நடக்க விரும்பும் பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்கிறோம். வேலூரில் 1909ஆம் ஆண்டே செவிலியர் பள்ளி தொடங்கிவிட்டது. நூறாண்டு தாண்டியும் நாம் இன்னும் தயங்கிக்கொண்டிருப்பது ஏனோ?

நம் துறையில் இளங்கலைத் தமிழ் முடித்த மாணவி ஒருத்தி இத்தயக்கத்தை மீறிச் செவிலியர் பட்டயப் படிப்பில் சேர்ந்தாள். தமிழ் படித்துவிட்டு இது எதற்கு என்று வீட்டில் எதிர்ப்பு. இரண்டு ஆண்டு அவள் தந்தை நம்மிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை, நாம் தூண்டிவிட்டோம் என்ற ஐயம். உண்மையில் நாம் தூண்டவில்லை, தடுக்காமல் இருந்தோம், அவ்வளவே. சென்ற ஆண்டு ஒரு மாலையில் அவள் துறைக்கு வந்தாள். பணிமுடிந்து நேரே வந்தவள்போலக் கண்கள் சிவந்திருந்தன. கையில் ஒரு தாள்.

அவள் பணிபுரியும் கூடத்தில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் ஈரல் நோயால் இறுதி நாள்களில் இருக்கிறார். மக்கள் வெளிநாட்டில். என்ன வேண்டும் என்று இவள் கேட்டதற்கு, திருவாசகம் படித்துக்காட்ட ஆளில்லையே என்றிருக்கிறார். கைப்பேசியில் இசைப்பாட்டாகப் போட்டுக்காட்டினாளாம். பாட்டு வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் படிக்க வேண்டும் என்றாராம் அந்த அம்மையார்.

"படித்தாயா?" என்றோம்.

"பக்தி இலக்கியத் தாள்ல படிச்சதுதானே ஐயா. தமிழாத்தானே படிக்கிறேன்னு நினைச்சுப் படிச்சேன். அவங்க கண்ணை மூடிக் கேட்டாங்க. வீட்ல சொல்லல." சற்று நிறுத்தினாள். "ஆனா ரெண்டு இடத்துல பதம் பிரிக்கத் தெரியாமத் தப்பாப் படிச்சுட்டேன். அவங்க டீச்சர் இல்லையா, கண்ணைத் திறந்துட்டாங்க. இன்னைக்கு ராத்திரியும் படிக்கணும். அதான் வந்தேன்."

இது கூடுமா, கூடாதா என்று அவள் நம்மிடம் கேட்கவில்லை. நாமும் சொல்லவில்லை. துறை நூலகம் பூட்டியிருந்தது. அலுவலக உதவியாளரைத் தேடிப்பிடித்துத் திறக்கச் சொல்லி, உரையோடு கூடிய பதிப்பை எடுத்துவந்து, அவள் தாளில் எழுதியிருந்த இரண்டு அடிகளையும் சீர்சீராகப் பிரித்துக் காட்டினோம். இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள். மக்ரிபுக்குப் பாங்கு சொன்னது. தொழுதுவிட்டுப் போகிறேன் என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.